பிரவுண் பேப்பரில் சித்தி

நான் முதன்முதலாக வரைந்த சித்திக்கு மீசை இருந்தது. அது என் குற்றமல்ல. மூக்குக்குக் கீழே கொஞ்சம் நிழல் வைத்தால் மூக்கு எழும்பித் தெரியும் என்று எங்கள் சித்திர ரீச்சர் சொல்லியிருந்தார். வைத்தேன். ஆனால் வோட்டர் கலர் வைத்த இடத்தில் நிற்கிற சாமான் இல்லை. ஈரத்தோடு மெல்ல நகர்ந்து மேலுதடு முழுக்கப் பரவிக் காய்ந்தபோது, சித்தி எங்கள் லேனுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரரின் சாயலுக்கு வந்துவிட்டார். படத்தை வாங்கி ஒரு கணம் பார்த்தவர், "பரவாயில்லை, நல்ல கம்பீரமா இருக்கிறன்" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு லேனில், மாடிவீடொன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. சித்தி கோட்டைப் பகுதியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தார். காலையில் ரயிலில் போய், மாலையில் கடல்காற்றில் கலைந்த தலையோடு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் தன் மேலதிகாரி தும்முவதை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து குலுங்குவார். சித்திக்கு முப்பது வயது முடிந்திருந்தது. எனக்கு அது ஒரு தகவல் மட்டுமே. அம்மாவுக்கோ அது கூரை ஒழுகுவதைப்போல. தேங்காய் விலையில் தொடங்கினாலும், பக்கத்து வீட்டு நாயில் தொடங்கினாலும், கதை கடைசியில் அந்த ஒழுக்கின் கீழே வந்துதான் நிற்கும்.

அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு அப்பா ஒரு வர்ணப்பெட்டி வாங்கித் தந்தார். வட்ட வட்ட வில்லைகளாக நிறங்கள், ஒரு பிரஷ், தனியாக ஒரு சின்ன வெள்ளை ரியூப். அந்த ரியூபை நான் திறக்கவே இல்லை. ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வெள்ளை வேணுமெண்டால் பேப்பரை விடு. வோட்டர் கலரில வெள்ளை பூசுறது களவு." களவுக்குப் பயந்த பிள்ளை நான். ஆகவே மற்ற வில்லைகளில்தான் என் வீரமெல்லாம். அவற்றில் இளஞ்சிவப்பாக ஒன்று இருந்தது. அதை எங்கள் வகுப்பில் எல்லோரும் 'தோல் கலர்' என்போம். வகுப்பில் ஒருவருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை என்பது யாருக்கும் தோன்றியதாக நினைவில்லை.

அந்தத் தோல் கலரைப் பூசினால் சித்தி கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையாகிவிடுவார். சரி என்று மண்ணிறத்தைக் கலந்தால், வெள்ளைத் தாளில் அது ஊறி, திட்டுத்திட்டாகி, முகத்தில் சேறு அடித்ததுபோல் வரும். எத்தனை தாள் வீணாகியிருக்கும் என்று தெரியாது. ஆனாலும் நான் வேறு யாரையும் வரையப் போகவில்லை. வீட்டில் எனக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கச் சம்மதிக்கிற ஒரே ஆள் சித்திதான்.

இப்படி நான் சித்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான், ஹெவ்லொக் டவுனில் இருந்த மாமி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை அவர். மாப்பிள்ளை லண்டனில். நல்ல குடும்பம், நல்ல வேலை. "முதல்ல ஒரு படம் கேக்கினம்" என்றார் மாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த அறையில் சித்திக்கு நன்றாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் தாழ்த்தி, "கொஞ்சம் வெளிச்சமாப் பாத்து எடுக்கச் சொல்லு" என்றார்.

காலி வீதியில் இருந்த ஒரு ஸ்ரூடியோவுக்கு அம்மா சித்தியைக் கூட்டிப்போனார். நானும் போனேன். ஸ்ரூடியோக்காரர் ஒரு சிங்களவர். அம்மாவின் கவலை அவருக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிவிட்டது. "பயவெண்ட எப்பா, நோனா", பயப்படாதீர்கள் அம்மா, என்று சிங்களத்தில் தேற்றிவிட்டு, பவுடர் டப்பாவை எடுத்துச் சித்தியிடம் நீட்டினார். அது போதவில்லை என்று இன்னொரு விளக்கைப் போட்டார். அதற்குப் பிறகும் மிச்சமிருந்ததைக் கொம்பியூட்டரில் சரிசெய்தார். படம் வந்தபோது அப்பா கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்து, "இது ஆர்?" என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். அம்மா படத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

படம் ஈமெயிலில் லண்டன் போனது. அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, தாயாரும் அக்காவும் கொழும்புக்கு வருகிறார்கள், நேரில் பார்ப்பார்கள் என்று மாமி அறிவித்தார். வீட்டில் கதிரைகளுக்கு எல்லாம் புது உறை வந்தது.

அவர்கள் வருவதற்கு முந்திய வாரம் ஒரு போயா லீவு, பௌர்ணமி விடுமுறை. சித்தி தலைமுழுகி, நீல ஹவுஸ்கோட்டோடு ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, தலையை உலரவிட்டபடி ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. வெள்ளைத் தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. போயா என்பதால் கடையும் இல்லை. தேடியபோது, ஜனவரியில் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறைபோட வாங்கியதில் எஞ்சிய பிரவுண் பேப்பர் அலுமாரிக்கு மேலே கிடைத்தது. அளவாகக் கிழித்து, பழைய கலண்டர் மட்டையில் செலோரேப்பால் ஒட்டி, சித்திக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"திரும்பவும் மீசையோ?" என்றார் சித்தி, புத்தகத்திலிருந்து கண் எடுக்காமல்.

"ஆடாதேங்கோ."

முதலில் எல்லாமே பிழைத்தது. நீலத்தை ஹவுஸ்கோட்டுக்குப் பூசினேன். பேப்பர் அதைத் தண்ணீர் குடிப்பதுபோல் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதமாதிரி இருந்தது. மஞ்சள் மறைந்தது. சிவப்பு செங்கல் நிறத்துக்குச் செத்தது. தலைமுடிக்கு வைத்த கறுப்பு மட்டும் கறுப்பாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் வெள்ளை ரியூபின் மூடியைத் திருகினேன். ரீச்சர் இங்கே பார்க்கவா போகிறார்? வெள்ளையைப் பிதுக்கி நீலத்தோடு குழைத்து, மறைந்துபோன ஹவுஸ்கோட்டின்மேல் ஒரு இழுப்பு இழுத்தேன்.

நீலம் எழும்பி வந்தது. சுவருக்கு அடிக்கிற பெயின்ற்போல, கனமாக, பேப்பரின்மேல் நின்றது. பிறகு நான் நிறுத்தவில்லை. ஜன்னல் விளிம்பு, மடியில் கிடந்த புத்தகம், வெளியே ஒரு துண்டுக் கடல், எல்லாவற்றிலும் வெள்ளை கலந்தேன். முகத்துக்கு வந்தபோது பிரஷைத் தோய்த்துத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பூச ஒன்றும் இருக்கவில்லை. சுற்றிவரத் தலைமுடியும் கழுத்துப் பட்டியும் வந்ததும், நடுவில் சும்மா கிடந்த பேப்பர் தானாகவே சித்தியின் முகமாகிவிட்டிருந்தது. அதே நிறம். கண், புருவம், மூக்கின் ஒரு பக்கம், உதட்டின் கோடு, இவற்றுக்கு மட்டும் கடும் நிறம் வைத்தேன். நெற்றியிலும் கன்னமேட்டிலும் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடங்களில், தண்ணீராகக் கரைத்த வெள்ளையை மெல்லத் தடவினேன். மூக்கு, ரீச்சர் சொன்னபடியே, எழும்பித் தெரிந்தது.

சித்தி எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தார். பகிடி ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"முகத்துக்கு என்ன கலர் பூசினனி?" என்று கேட்டார்.

"ஒண்டும் பூசேல்லை. பேப்பரை அப்பிடியே விட்டனான்."

"ஒண்டுமே பூசேல்லையோ?"

"இல்லை. அதே கலர்தானே?"

சித்தி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் முதல்தானே தலைமுழுகினவர், மறுபடியும் என்ன குளிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. முகத்தைப் பூசாமல் சோம்பலில் விட்டுவிட்டேன் என்று கோபமாக்கும் என்று நினைத்தேன்.

விருந்தினர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பிப் பார்த்தால், அந்தப் படம் முன்னறைச் சுவரில், ரீவிக்கு மேலே ஒட்டியிருந்தது. அம்மா கழற்றினார். சித்தி திரும்ப ஒட்டினார்.

"இதென்ன பள்ளிக்கூடமே? வாற சனம் என்ன நினைக்கும்?"

"பிள்ளை ஆசையாக் கீறினது. இருக்கட்டும் அக்கா."

"படம் நல்லாத்தானே கிடக்கு" என்றார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

பிறகு அம்மா சித்திக்குப் பவுடர் போட்டுவிட்டார். சித்தி சிறுபிள்ளைபோல முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்ததும் எழுந்து போய், முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குக் கத்தவும் முடியாது, கதவு திறந்தாயிற்று.

மாப்பிள்ளையின் தாயார் கனிவான மனிதர். அதை நான் சொல்லத்தான் வேண்டும். என் கன்னத்தைக் கிள்ளினார், எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய மகள், மாப்பிள்ளையின் அக்கா, வாயே திறக்கவில்லை. நல்ல சேலை, நல்ல நகை. முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். படம் வரைகிறவள் என்பதால் அதை நான் கவனித்தேன்.

சித்தி பட்டிஸ் தட்டோடு வந்து கும்பிட்டார். தாயார் சித்தியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், மறுபடி சித்தியைப் பார்த்தார்.

"படத்தில வேற மாதிரித் தெரிஞ்சுது" என்றார் மெதுவாக.

மாமி அவசரமாக, "இந்த வெய்யிலில ஒவ்வொரு நாளும் ரெயினில போய்வாறது..." என்று தொடங்கினார்.

"வெய்யில் இல்லை, அக்கா" என்றார் சித்தி, மாமியிடம். குரலில் கோபம் இல்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல், தாயாரின் பக்கம் திரும்பிச் சொன்னார். "அந்தப் படம் ஸ்ரூடியோவில செய்தது, அம்மா. நான் உந்தப் படத்தில இருக்கிற மாதிரித்தான்." கை சுவரைக் காட்டியது. "இவதான் கீறினவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கலைஞருக்குரிய பணிவோடு முன்னால் வந்து, "முகத்துக்கு ஒண்டும் பூசேல்லை, அன்ரி. பேப்பர்தான் முகம். வெளிச்சம் படுற இடத்துக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை" என்று விளக்கினேன். ஹெவ்லொக் டவுன் மாமிக்குப் பட்டிஸ் தொண்டையில் சிக்கிவிட்டது. அப்பா தண்ணீர் எடுக்க ஓடினார்.

தேநீர் குடித்தார்கள். மழையைப்பற்றிக் கதைத்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா மட்டும் கோப்பையோடு எழுந்து போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். கூப்பிடும்வரை அங்கேயே நின்றார். புறப்படும்போது தாயார், "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். அவர்கள் உண்மையில் யோசிக்கப் போகிறார்கள் என்று நம்பியவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மாமியின் ஃபோன் அன்று மாலையே வந்தது. அம்மா ஃபோனை வைத்துவிட்டு அழுதார். அழுது முடித்ததும் யாரையாவது ஏச வேண்டியிருந்தது. சித்தி கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார். நான் இருந்தேன்.

"உன்ர பெயின்ற் விளையாட்டாலதான் எல்லாம் குழம்பினது."

நான் வர்ணப்பெட்டியைக் கட்டிலின் கீழே, சூட்கேசுகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். சித்திக்கு ஒரு கலியாணம் வந்தது, நான் அதை ஒரு பிரவுண் பேப்பரால் கெடுத்துவிட்டேன். இனி ஆயுளுக்கும் படம் வரைவதில்லை என்று கண்ணை மூடிச் சத்தியம் பண்ணிக்கொண்டேன். பத்து வயதில் ஆயுள் என்பது திங்கட்கிழமை மாலைவரைக்கும்தான் நீண்டது. அன்று சித்தி வேலையால் வந்தபோது, கையில் சுருட்டிய பிரவுண் பேப்பர் கட்டொன்றும் புது வெள்ளை ரியூபும் இருந்தன.

"என்ன, கடையைப் பூட்டியாச்சோ?" என்றார், மேசையில் வர்ணப்பெட்டி இல்லாததைப் பார்த்து.

"என்னாலதானே உங்கட கலியாணம் குழம்பினது?"

சித்தி அலுவலகச் சேலையோடு நிலத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆர் சொன்னது?"

"அம்மா."

"அம்மா கவலையில சொன்னவ. அவவுக்கு என்னில பாசம், அதுதான். இஞ்ச பார். படத்தைக் கீறினது மட்டும்தான் நீ. அதைச் சுவரில ஒட்டினது நான். வாயைத் திறந்ததும் நான். அது நான் செய்த வேலை, அதில நீ பங்கு கேக்காதை. விளங்குதோ?"

"விளங்குது" என்றேன். விளங்கவில்லை. ஆனால் சித்தி சிரித்துக்கொண்டிருந்தார், நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. கட்டிலின் கீழே ஊர்ந்து போய்ப் பெட்டியை எடுத்துவந்தேன். அப்போது மணி அடித்தது.

வாசலில் மாப்பிள்ளையின் அக்கா தனியாக நின்றார். "குடையை விட்டிட்டுப் போட்டன்" என்றார். அப்படி ஒரு குடை கதிரைக்குப் பின்னால் கிடப்பது அதுவரைக்கும் எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு, ஆனாலும் வந்தவருக்குத் தேநீர் போடக் குசினிக்குள் போனார். குடை கைக்கு வந்த பிறகும் அவர் போகவில்லை. என்னைப் பார்த்தார்.

"நாளையிண்டைக்கு நான் லண்டன் போறன். அதுக்கு முதல் என்னையும் ஒருக்காக் கீறுவியோ?"

எனக்கு வந்த முதல் வேலை அது. புதுப் பேப்பரை விரித்து, ஒரு ஓரத்தை அவர் கன்னத்தோடு பிடித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

"அன்ரி, பவுடரை அழிச்சால்தான் சரிவரும். இல்லாட்டி முகம் முழுக்க நான் வெள்ளை பூசவேணும்."

தேநீர்த் தட்டோடு வந்த அம்மா குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். பிறகு எழுந்து, "பாத்ரூம் எங்க?" என்று கேட்டார்.

அந்தச் சம்பந்தம் பிறகும் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் இடையில் அன்று தொடங்கிய கதை இன்றுவரைக்கும் ஃபோனில் நடக்கிறது. சித்தி சில வருடங்களின் பின் ஒரு மட்டக்களப்புக்காரரைக் கலியாணம் செய்தார். ஒவ்வொரு நாளும் அதே ரயிலில் வந்தவர் என்பதால் அவருக்குப் படம் எதுவும் அனுப்பத் தேவைப்படவில்லை. நான் செய்தது ஒன்றும் புதிதல்ல, நிறத் தாளில் வெள்ளை கலந்து கனமாகப் பூசுவதற்கு நெடுங்கால வழக்கமும் கோவாஷ் என்று ஒரு பெயரும் உண்டு என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இன்று பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் என் தொழில். வெள்ளைத் தாளில் தொடங்குவது அபூர்வம். என் படங்களைப் பார்க்கிறவர்கள் நல்லதாக ஒரு சொல் சொல்லும்போதெல்லாம், ஒரு பத்து வயதுப் பிள்ளையின் அதட்டலுக்குப் பணிந்து அசையாமல் இருந்த அந்த இரண்டு பெண்களுக்கும், ஏசியதற்கு மன்னிப்புக் கேட்காமல் அடுத்த ஜனவரியில் தேவைக்கு மேலாகவே பிரவுண் பேப்பர் வாங்கிவைத்த அம்மாவுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

அன்று மாப்பிள்ளையின் அக்கா முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். வெய்யில் சாய்ந்து கடல் பக்கமிருந்து வெளிச்சம் உள்ளே வந்தது. இந்த முறை எனக்குத் தடுமாற்றம் இல்லை. தலைமுடி, சேலையின் பச்சை, பிறகு கண்கள். சித்தி பக்கத்தில் இருந்து அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்களின் கதை, நான் பாதிதான் கேட்டேன்.

"எனக்கும் உப்பிடித்தான் ஒரு படம் எடுத்தவை" என்றார் அவர். "கலியாணம் பேசேக்க. அதைக் கையில வச்சுக்கொண்டுதான் அவர் லண்டன் எயர்போட்டில நிண்டவர். நான் அவருக்கு முன்னாலேயே போய் நிண்டனான். அவர் என்னைத் தாண்டி ஆரையோ தேடிக்கொண்டு நிண்டார்."

சித்தி அவருடைய கையைப் பிடித்தார். பெரியவர்கள் பேசாமல் இருந்தால் பிள்ளைகள் ஏதாவது சொல்லி உதவ வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த வயதில் இருந்தது.

"கனக்கச் சனமோ, அன்ரி?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். கண்ணில் வெளிச்சம் பட்டு மின்னியது. அந்த இடத்தில் ஒரு புள்ளி வெள்ளை வைக்க வேண்டும் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

"ஓம், பிள்ளை" என்றார். "கனக்கச் சனம்."

பாவம், அவ்வளவு பெரிய எயர்போட்டில் ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தானே என்று நினைத்தபடி, நான் பிரஷை வெள்ளையில் தோய்த்தேன்.